வகுப்பறைக்கு வெளியே ஓர் இருக்கை

2024 ஜூலை 27 மாலை தில்லி பழைய ராஜேந்தர் நகரில் பெய்த மழையில், குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்துக்குள் சில நிமிடங்களில் வெள்ளம் புகுந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்களில் மூவர் உயிரிழந்தனர். இருவர் இளம்பெண்கள், ஒருவர் இளைஞர். உத்தரப்பிரதேசம், தெலங்கானா, கேரளம் என வெவ்வேறு மாநிலங்களிலிருந்து தலைநகருக்கு வந்தவர்கள். கட்டட அனுமதியின்படி அந்த அடித்தளம் பொருள்கள் வைப்பதற்கும் வாகனங்கள் நிறுத்துவதற்கும் உரியது. அது ‘நூலகமாக’ மாற்றப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதத்தில் முகர்ஜி நகர்ப் பயிற்சி மையக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தபோது, மாணவர்கள் சன்னல் வழியாகக் கயிற்றையும் மின்கம்பியையும் பற்றிக்கொண்டு இறங்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. ஒருமுறை நெருப்பு, மறுமுறை நீர்.

ராஜேந்தர் நகர் வழக்கை தில்லி உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. உச்சநீதிமன்றம் பயிற்சி மையங்கள் மரணக் கூடங்களாகிவிட்டன என்று கண்டித்தது. மாநகராட்சி விழித்துக்கொண்டு அடுத்தடுத்துப் பல அடித்தளங்களைப் பூட்டி முத்திரையிட்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதிலோ, வடிகால் பராமரிப்பில் நடந்த அலட்சியம் மன்னிக்க முடியாதது என்பதிலோ கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எனினும், அந்த நாள்களில் தில்லியின் எந்த விவாத அரங்கிலும் பெரிதாக எழாத ஒரு கேள்வி உண்டு. அந்த மூவரும் அவர்களோடிருந்த பிறரும் அந்த அடித்தளத்துக்கு ஏன் போனார்கள்? அங்கே அப்போது வகுப்பு நடக்கவில்லை. வாடகைக்கு எடுத்த அறை கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. சன்னல் இருந்தால் வாடகை கூடும். படிப்பதற்கு மேசையும் விளக்கும் அமைதியும் வேண்டும். அவற்றைத் தலைநகரம் அவர்களுக்குத் தரவில்லை, சந்தை விற்றது. அடித்தளங்கள் பூட்டப்பட்ட பின்னரோ, மீதமிருந்த இடங்களின் கட்டணம் ஏறிவிட்டது என்று மாணவர்கள் முறையிட்டனர்.

இந்தி பேசும் மாநிலங்களின் சிறுநகரங்களில் ‘லைப்ரரி’ என்ற சொல்லின் பொருளே கடந்த சில ஆண்டுகளில் மாறிவிட்டது. பாட்னா, பிரயாக்ராஜ், சீக்கர் போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு ‘லைப்ரரி’ என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே நூல்கள் இருப்பதில்லை. இருபுறமும் பலகை அடைத்த மேசைகள், குளிரூட்டி, இணைய இணைப்பு, கைபேசி மின்னேற்றத் துளை ஆகியவையே இருக்கின்றன. மாதக் கட்டணம் செலுத்தினால் காலை முறை, மாலை முறை, இரவு முறை என ஆலையைப் போல இருக்கை ஒதுக்கப்படும். புத்தகத்தை இளைஞர்தான் கொண்டுவர வேண்டும். நூலற்ற நூலகம் என்பது தமிழில் முரண்தொடராகத் தோன்றலாம். அங்கே அது அன்றாட வணிகம். இந்த இருக்கைகளை வாங்குவோர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் அல்லர். சிறு விவசாயி, கடைச் சிப்பந்தி, ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகள், குடும்பம் அனுப்பும் தொகையில் உணவுக்கும் இருக்கைக்கும் இடையே கணக்குப் போடுகிறவர்கள்.

இதே தில்லியில் 1951 அக்டோபர் 27 அன்று, பழைய தில்லி ரயில் நிலையத்தின் அருகே ஒரு பொதுநூலகத்தை ஜவஹர்லால் நேரு திறந்துவைத்தார். யுனெஸ்கோவின் துணையோடு அமைந்த தில்லி பொதுநூலகம் அது. அதன் நோக்கம் பண்டிதர்களுக்குச் சேவை செய்வதாக இருக்கவில்லை. புதிதாக எழுத்தறிந்தவர்கள், சிறுவர்கள், பிரிவினையில் உடைமை இழந்து வந்த குடும்பங்கள் நிறைந்த நகரத்தின் சாதாரண மக்கள் ஆகியோர் கட்டணமின்றி உள்ளே வந்து அலமாரியைத் தாங்களே திறந்து புத்தகம் எடுக்கலாம் என்பதே அதன் கோட்பாடு. நடமாடும் நூலகமும் பின்னர் சேர்ந்தது. புதிய குடியரசு வறுமையில் இருந்த காலம் அது. உணவு தானியத்துக்கே வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த அரசு, நகரத்து இளைஞனுக்கு ஓர் இருக்கை தேவை என்று கருதியது. உலகின் பெரும் பொருளாதாரங்களுள் ஒன்று என்று பறைசாற்றப்படும் இன்றைய இந்தியாவில் அந்த இருக்கை நிலத்துக்கடியில், சட்டத்துக்குப் புறம்பாக, மாத வாடகைக்குக் கிடைக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான தொலைவை அளக்க இதைவிடத் துல்லியமான அளவுகோல் தேவையில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின் (ஊ) உட்பிரிவு, அரசின் வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக, குழந்தைகள் சுதந்திரத்தோடும் கண்ணியத்தோடும் வளர்வதற்கான வாய்ப்புகளையும் வசதிகளையும் பெற வேண்டும் என்றும், குழந்தைப் பருவமும் இளமைப் பருவமும் சுரண்டலிலிருந்தும், ஒழுக்கவகையிலும் பொருள்வகையிலும் கைவிடப்படுவதிலிருந்தும் காக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இங்கே பள்ளியைப் பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கல்விக்கு வேறு பிரிவுகள் உண்டு. பள்ளிக்கு வெளியே உள்ள நேரத்திலும் இளையோர் கைவிடப்படலாம் என்பதை அரசமைப்பை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர். சுரண்டல் என்ற சொல்லோடு நிற்காமல் கைவிடுதல் என்ற சொல்லையும் சேர்த்தது அதனால்தான். பயன்படுத்திக்கொள்வது ஒரு குற்றம். பயன்படாது என்று தூக்கி எறிவது இன்னொரு குற்றம். இந்திய முதலாளித்துவச் சமுதாயம் தன் இளையோருக்கு இரண்டையும் மாறிமாறிச் செய்துவந்திருக்கிறது. அவர்களுக்கு வேலை வைத்திருந்தது, இடம் வைத்திருக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 5 முதல் 14 வயது வரையிலான உழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை ஒரு கோடிக்குச் சற்று மேல் என்று காட்டியது. இதன் பின்னர் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்ற பொதுத்தடை வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத் தொழிலுக்கு ‘உதவலாம்’ என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. குடும்பம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் மட்டுமல்ல, அத்தை, மாமன், பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரும் அடங்குவர். ஒப்பந்தக்காரர் வாசலில் மூலப்பொருளை இறக்கிவிட்டு எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் வீடுகளில் குடும்பத் தொழில் என்றால் என்ன என்பது தொழிற்சங்கத் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி. மாலை நேரம் முழுவதும் மணி கோக்கும், உறை ஒட்டும், பொத்தான் தைக்கும் பிள்ளையின் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கும். புள்ளிவிவரத்தில் அந்தப் பிள்ளை மாணவர். விளையாட வேண்டிய நேரத்தையும் உறங்க வேண்டிய நேரத்தையும் சட்டமே முதலாளிக்கு எழுதிக்கொடுத்துவிட்டது.

சற்று வளர்ந்தவர்களுக்குக் கிடைத்தவை வேறு பெயர்களைச் சூடிக்கொண்டு வந்தன. இந்தப் பெயர்களைத் தமிழாக்கும்போதே அவற்றின் உள்ளடக்கம் வெளிப்பட்டுவிடும். படைவீரன் என்ற வழக்கமான சொல்லை விட்டு ‘அக்னிவீர்’ என்று அழைக்கப்படுகிறவர், 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி பதினேழரை வயதில் சேர்ந்து நான்கே ஆண்டுகளில் பெரும்பாலும் வெளியேற்றப்படும் ஒப்பந்தத் தொழிலாளி. நான்கில் ஒருவருக்கே நிரந்தரப் பணி. ஏனையோருக்கு ஓய்வூதியம் இல்லை. பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் ஓடி உடலைத் தயார் செய்துவந்த இளைஞர்கள் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தெருவில் இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் வழக்குகளும். அவர்கள் சாலையோரம் ஓடியதற்குக் காரணம் ஊரில் ஓடுதளம் இல்லாததே என்பதை அப்போது எவரும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம், ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு நாட்டின் முதல் 500 பெருநிறுவனங்களில் பயிற்சி என்று முழங்கியது. மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 ரூபாயை அரசு தரும். நிறுவனம் தருவது 500 ரூபாய், அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. பயிற்சி முடிந்த பின் வேலை உண்டு என்ற உறுதி கிடையாது. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் பழகுநரை ஏற்க வேண்டிய கடமையை முதலாளி மீது சுமத்தியிருந்தது. 2014இல் அச்சட்டத்தை மீறும் முதலாளிக்கான சிறைத்தண்டனையை நீக்கிய பின்னரே இந்தப் புதிய தாராளம் வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் இணைந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, நாட்டின் வேலையற்றோரில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் இளைஞர்கள். வேலையற்ற இளைஞர்களுள் இடைநிலைக் கல்வியும் அதற்கு மேலும் படித்தோரின் பங்கு 2000இல் 35.2 விழுக்காடாக இருந்தது, 2022இல் 65.7 விழுக்காடாயிற்று. படிப்பு, வேலை, பயிற்சி என எதிலும் இல்லாதோர் இளைஞர்களில் மூவரில் ஒருவர். அவர்களைப் பற்றி ஆளும் வர்க்கம் பேசும்போது ‘மக்கள்தொகை ஈவு’ என்கிறது. ஈவு பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது. இங்கே பங்குதாரர் யார் என்பது வெளிப்படை.

இந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதன் முகம் பெண்ணின் முகம். மேற்குறிப்பிட்ட அறிக்கையின்படி, எதிலும் இல்லாத இளைஞர்களின் விகிதம் ஆண்களிடையே 9.8 விழுக்காடு; பெண்களிடையே 48.4 விழுக்காடு. ‘எதிலும் இல்லை’ என்பது புள்ளிவிவரத்தின் பார்வைக் குறை. அவர்கள் சமையலறையில், தண்ணீர்க் குழாயடியில், தம்பி தங்கையின் தொட்டிலருகே இருக்கிறார்கள். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுவதாகக் கண்டது. 2024இல் அது 289 நிமிடம். ஐந்தாண்டுகளில் இந்தியப் பெண் வென்றெடுத்த ஓய்வு பத்து நிமிடம். பையனுக்குத் தெருமுனையாவது இருக்கிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சாலையே அவளுக்குக் கிடைத்த ஒரே பொதுவெளி. பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டம் அந்தச் சாலையை அவளுக்கு உரியதாக்கியது. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இதில் நினைவுகூர ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். பாடத்திட்டத்தில் அது இல்லை. கற்பித்தோரும் பெரும்பாலும் ஆசிரியர்கள் அல்லர், தொண்டர்களாக வந்த இளையோர். எழுத்துக்கு நிகராக அந்த இரு சக்கரங்களும் அவர்களுடைய வாழ்க்கையை மாற்றின.

இந்நாட்டில் இளையோருக்கு வகுப்பறைக்கு வெளியே கிடைத்த நல்ல இடங்கள் எவையும் மேலிருந்து அருளப்பட்டவை அல்ல. 1855இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் இரவுப் பள்ளி தொடங்கியது பகலெல்லாம் உழைத்தவர்களுக்காக. அதன் பின் மேற்கு இந்தியாவின் சமூகச் சீர்திருத்த இயக்கம் கண்டறிந்த பேருண்மை, தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியின் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, இரவில் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான். கோலாப்பூரில் சாகு மகராஜ் 1901 தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக விடுதிகளை நிறுவினார். ஒவ்வொரு சாதிக்கும் தனி விடுதி என்ற அதன் எல்லையும் சொல்லப்பட வேண்டியதே. அந்த எல்லையை உடைத்தவர் பாவுராவ் பாட்டீல். 1924இல் சாத்தாராவில் அவர் அமைத்த விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சமைத்தார்கள், ஒன்றாக உண்டார்கள், உழைத்துப் படித்தார்கள். 1925இல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் விடுதி நடத்தியதும் இதே வழியில்தான். சாதியொழிப்பைப் பற்றி எழுதப்பட்ட பல நூல்களைக் காட்டிலும் சாத்தாராவின் அந்தச் சமையற்கூடம் அதிகம் சாதித்தது எனலாம்.

எனவேதான் விடுதியிலிருந்து வெளியேற்றுவது வகுப்பிலிருந்து வெளியேற்றுவதைக் காட்டிலும் கொடியது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் தண்டிக்கப்பட்டபோது அவர்களுடைய ஆய்வுப் படிப்பு நிறுத்தப்படவில்லை. விடுதியும் பொது இடங்களும் மறுக்கப்பட்டன. வெட்டவெளியில் அவர்கள் அமைத்த கூடாரத்துக்கு ‘வெலிவாடா’ என்று பெயரிட்டார்கள்; தெலுங்கில் அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியைக் குறிக்கும் சொல். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் இறந்தார். படிக்கலாம், ஆனால் இருக்கக்கூடாது என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது அதன் பொருள் என்ன என்பதை அந்தப் பெயர் விளக்கிவிட்டது.

நூலகங்களின் வரலாறும் இத்தகையதே. லாகூரில் லாலா லஜபதி ராய் அமைத்த துவாரகாதாஸ் நூலகத்தில்தான் பகத்சிங்கும் அவருடைய தோழர்களும் உலகப் புரட்சிகளைப் படித்தார்கள். 1926இல் அவர்கள் அமைத்த நவஜவான் பாரத் சபைக்குப் பின்னே அந்த அலமாரிகள் இருக்கின்றன. நூலகர் ராஜாராம் சாஸ்திரி அந்த இளைஞர்களுக்கு வேண்டிய புத்தகத்தைத் தேடித்தரும் தோழராகவே இருந்தார். ஆந்திரத்தில் அய்யங்கி வெங்கட ரமணையா 1914இல் பெஜவாடாவில் நூலக மாநாட்டைக் கூட்டினார். நிஜாம் ஆட்சியில் அரசியல் கூட்டம் நடத்தவே அனுமதி பெற வேண்டிய நிலையில், 1901இல் ஹைதராபாதில் தொடங்கிய ஆந்திர பாஷா நிலையமும் அதைத் தொடர்ந்த தெலங்கானா நூலகங்களும் தாய்மொழியில் படிக்கும் இளைஞர் தலைமுறையை உருவாக்கின. அந்தத் தலைமுறையே பின்னர் ஆந்திர மகாசபையின் வழியே தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியது. மலபாரில் 1930களில் வாசகசாலைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத விவசாயத் தொழிலாளர்கள் சூழ அமர்ந்து கேட்டார்கள். விவசாய சங்கம் அந்தத் திண்ணைகளில் பிறந்தது. நிலப்பிரபுக்கள் அந்த வாசகசாலைகளைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை.

திருவிதாங்கூரில் 1945இல் பி.என்.பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கத்தை அம்பலப்புழையில் உருவாக்கினார். அதுவே வளர்ந்து கேரள கிரந்தசாலா சங்கமாகி, 1975இல் எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதைப் பெற்றது. 1989இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் நிறைவேறிய பொதுநூலகச் சட்டம் இவ்வியக்கத்தை அழிக்காமல் அரசின் துணையை அதற்குச் சேர்த்தது. கட்டட வரியோடு நூலக வரி வசூலாகிறது. ஆனால் நூலகத்தை நடத்துவோர் அரசு அலுவலர்கள் அல்லர், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழு. வட்டம், மாவட்டம், மாநிலம் என மூன்று நிலைகளிலும் நூலகக் கவுன்சில் தேர்தல்வழி அமைகிறது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இவ்வமைப்பில் இணைந்துள்ளன. பல இடங்களில் பெண்கள் வீடு வீடாகச் சென்று பிற பெண்களுக்கும் முதியோருக்கும் புத்தகம் கொடுத்து வாங்குகிறார்கள். நூலகத்தோடு கலைமன்றம், சிறுவர் அரங்கம், விளையாட்டுக் குழு என்று மாலைநேரம் நிறைகிறது. அண்மைக் காலத்தில் சில வாசகசாலைகள் ஓய்வுபெற்ற ஆண்கள் நாளிதழ் புரட்டும் திண்ணைகளாகச் சுருங்கிவிட்டன என்ற விமரிசனம் கேரளத் தோழர்களிடமிருந்தே எழுகிறது, அது புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் சுருங்குவதற்கேனும் அங்கே ஒன்று இருக்கிறது.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொதுநூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம். எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948இல் வந்த அச்சட்டம், சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியை அடித்தளமாகக் கொண்டது. நிதியமைச்சரின் தயவை ஆண்டுதோறும் எதிர்பார்க்காத வருவாய் என்பதே ரங்கநாதன் கண்ட நுட்பம். அவருடைய நூலக அறிவியலைப் போற்றுவோர் பலர். இந்த வரிப் பிரிவின் அரசியலைக் கவனித்தோர் சிலர். மகாராஷ்டிரத்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்வரி இல்லை. இடது முன்னணி ஆண்ட மேற்கு வங்கத்தில் 1979இல் வந்த சட்டத்திலும் இல்லை என்பதை இடதுசாரிகள் மறைக்கத் தேவையில்லை. கிராமங்கள்தோறும் நூலகங்களைக் கொண்டுசென்ற ஓர் அரசு, அவற்றுக்குத் தனக்குப் பின்னும் நீடிக்கும் வருவாயைச் சட்டத்தில் எழுதிவைக்கவில்லை. ஆட்சிகள் மாறும், வரவு செலவுத் திட்டங்கள் சுருங்கும். சட்டத்தில் உள்ள வரி அத்தனை எளிதில் மறையாது.

மறையாது என்றாலும் களவு போகும். உள்ளாட்சி அமைப்புகள் மக்களிடம் நூலக வரியை வசூலித்துவிட்டு அதை நூலகத் துறையிடம் முழுமையாகச் செலுத்தாமல் வேறு செலவுக்குத் திருப்புவது தென்மாநிலங்களில் பழகிப்போன முறைகேடு. பெங்களூரு மாநகராட்சியின் நிலுவை பல ஆண்டுகளாகச் சட்டமன்றத்திலும் நாளிதழ்களிலும் பேசப்பட்டுவரும் செய்தி. மறுபுறம் அதே கர்நாடகத்தில் 2019இல் ஊராட்சி நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, பின்னர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச உறுப்பினர் உரிமை வழங்கப்பட்டதும், பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்தபோது கிராமத்துப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்ததும் கவனத்துக்குரியவை. நிதியும் மனமும் இருந்தால் ஓராண்டில் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சான்று.

இடம் வெறுமையாக இருப்பதில்லை என்ற செய்தியை இயக்கத்தினர் குறிப்பாக உணர வேண்டும். பொதுவெளி பின்வாங்கிய இடத்துக்கு இரு சக்திகள் வந்துள்ளன. ஒன்று சந்தை. ராஜஸ்தானின் கோட்டா நகரம் அதன் முழு வடிவம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை வீட்டிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் நட்பிலிருந்தும் பிரித்து ஒற்றைத் தேர்வுக்குப் பூட்டிவைக்கும் நகரம். தற்கொலைகள் பெருகியபோது 2023 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் கண்ட தீர்வு, விடுதி அறைகளின் மின்விசிறிகளில் சுருள்வில் பொருத்த வேண்டும் என்பது. 2024 ஜனவரியில் ஒன்றிய கல்வி அமைச்சகம் 16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஒன்றிய அரசு பயிற்சிக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வசூலிக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். இந்த எண்ணிக்கையின் முன் மின்விசிறியைத் திருத்துகிற நிர்வாகத்தை என்னவென்பது?

மற்றொன்று வகுப்புவாதம். ஆர்.எஸ்.எஸ். தன் சாகாவைத் தொடங்குவது சொற்பொழிவோடு அன்று, விளையாட்டோடு. மாலையில் ஒரு திடல், கபடி, பாட்டு, பெயர் சொல்லி அழைக்கும் ஓர் அண்ணன், வராத நாளில் வீடு தேடி வந்து விசாரிக்கும் ஒருவர். தனிமையில் வாடும் பதின்வயதுப் பையனுக்கு இவை சிறிய பொருள்கள் அல்ல. வெறுப்பு பின்னர் ஊட்டப்படுகிறது, தோழமையின் தட்டில் வைத்து. ராமநவமி ஊர்வலத்தில் வாளேந்தி மசூதி வாசலில் ஆடும் வேலையற்ற இளைஞனைக் கண்டு முகம் சுளிக்கும் இடதுசாரி, அவனுக்கு முன்னொரு நாள் ஒரு திடலும் ஒரு மேளமும் ஓர் அண்ணனும் யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவனைக் கருத்தால் மட்டும் வெல்ல முடியாது. அவன் அங்கே சென்றது கருத்துக்காக அன்று.

அரசின் இளைஞர் அமைப்புகள் இந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்கலாம். காந்தி நூற்றாண்டான 1969இல் நாட்டு நலப்பணித் திட்டமும், 1972இல் நேரு யுவ கேந்திரங்களும் தொடங்கப்பட்டன. பின்னது குறிப்பாகப் பள்ளியில் இல்லாத கிராமத்து இளைஞர்களுக்கானது. எத்தனையோ ஊர்களில் இளைஞர் மன்றத்துக்குக் கைப்பந்து வலையும் கேரம் பலகையும் கொடுத்தது அந்த அமைப்புதான். அதை ஏளனம் செய்வதற்கில்லை. 2023 அக்டோபரில் ‘மேரா யுவ பாரத்’ என்ற பெயரில் எல்லாம் ஓர் இணையத்தளத்தின் குடைக்குள் கொண்டுவரப்பட்டன. இளைஞர் பதிவு செய்துகொள்ளலாம், சான்றிதழ் பெறலாம், பிரச்சாரங்களில் பங்கேற்கலாம். அமர்வதற்கு ஓர் அறையை இணையத்தளம் தராது.

ஆதலால் இடதுசாரி இளைஞர், மாணவர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் வேலை, கல்வி ஆகியவற்றுக்கு இணையாக இடம் என்பதும் எழுதப்பட வேண்டும். வரிப் பிரிவோடு கூடிய பொதுநூலகச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் வேண்டும். பயிற்சி மையங்கள் நெருங்கிக்கிடக்கும் நகரப் பகுதிகளில் இரவு வரை திறந்திருக்கும் கட்டணமற்ற படிப்பகங்களை மாநகராட்சியே கட்ட வேண்டும். அரசுப் பள்ளிக் கட்டடங்களும் திடல்களும் மாலை மணி அடித்த பின் பூட்டப்பட்டுக் கிடப்பதற்குப் பதிலாக ஊர் இளையோருக்குத் திறக்கப்பட வேண்டும். அதற்கான காவலர் ஊதியமும் மின்கட்டணமும் பெருந்தொகை அல்ல. திறப்பதில் பெண்களுக்குத் தனி நேரமோ தனி நாளோ இன்றியமையாதது. இல்லையேல் எல்லாத் திடலும் பையன்களின் திடலாகவே முடியும் என்பது அனுபவம். தலித், பழங்குடி மாணவர் விடுதிகளின் உணவுப்படி விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் உயர வேண்டும். அந்த விடுதிகளில் சாதிவாரிப் பிரிப்பு படிப்படியாக ஒழிய வேண்டும். சாத்தாரா 1924இல் செய்ததை ஒரு குடியரசு இன்னும் தள்ளிப்போடுவதற்கு நியாயமில்லை.

கோரிக்கை வேறு, கையிலிருப்பது வேறு. நாடெங்கும் கிளை அலுவலகங்களும் தொழிற்சங்கக் கட்டடங்களும் உள்ளன. அவற்றுள் பல கூட்டம் உள்ள நாளில் மட்டும் திறக்கப்படுகின்றன. முன்னறையில் நான்கு மேசை, நல்ல விளக்கு, நாளிதழ்கள், போட்டித் தேர்வு நூல்களும் நாவல்களுமாக ஓர் அலமாரி, குடிநீர், பெண்களும் தயங்காமல் பயன்படுத்தத்தக்க கழிவறை ஆகியவை போதும். வருகிற இளைஞரிடம் முதல் நாளே உறுப்பினர் படிவத்தை நீட்டத் தேவையில்லை. படிப்பில் மூத்த தோழர் ஒருவர், குறிப்பாக ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கி ஊழியரோ, மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை அங்கே இருந்தால் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் உதவி கிடைக்கும். உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினர்களாக உள்ள தோழர்கள், தத்தம் மன்றம் கடந்த ஐந்தாண்டுகளில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, நூலகத் துறைக்குச் செலுத்தியது எவ்வளவு என்ற கணக்கை அடுத்த கூட்டத்திலேயே கேட்டுப் பெறலாம். உறுப்பினர் இல்லாத ஊர்களில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போதும். கிடைக்கும் விவரங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிட்டு, நிலுவையைச் செலுத்தக் கோரும் இயக்கத்தை இளைஞர் அமைப்புகள் அங்கிருந்து தொடங்கலாம்.